மூன்று முறை வெளிவந்த பாட்டு

மச்சான்,

நேற்று தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் கேசட் கடைக்காரன் நம்ம பாட்டைப் போட்டான். கையில் வாங்கிய பிளேன்டீ ஆறுகிற வரைக்கும் அப்படியே நின்றேன். முதலில் என் தப்பு மேளம், பிறகு உன் கிதார், பிறகு நீ தொண்டை கிழியக் கத்துகிற "பெரட்டுக்கு வரல, வரல!" நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்தபோதே நேராகப் பதில் சொல்லாதவன் இப்போதா சொல்லப் போகிறாய்? இருந்தாலும் கேட்கிறேன்.

பட்டிப்பொல ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரன் உனக்குக் கொடுத்துவிட்டுப் போன கேசட்டில் ஆரம்பித்த வினை இது. "இதுக்குப் பேரு பங்க் ராக். பாடத் தெரியணும்னு இல்லடா, கோவம் இருந்தாப் போதும்" என்றாய். உனக்குப் பாட வராது என்று தோட்டத்துக்கே தெரியும், அதனால் பொருத்தமாகத்தான் இருந்தது. நம்ம கூட்டாளி அந்தோணிக்கு இரண்டாவது கிதார். டிரம்முக்கு வழியில்லை. விடியக்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் எழுப்ப எங்கப்பா அடித்த தப்பை நீயாகத்தான் கேட்டாய். பெரட்டுக்கும் சாவு வீட்டுக்கும் தப்படிக்கிறது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள். உன் மாமா கங்காணி, நீ இருந்த அவர் வீட்டில் எனக்கு வாசலோடு சரி. நீ மட்டும் உன் தேத்தண்ணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் குந்துவாய். அதில்தான் நான் உன்னை நம்பினேன்.

மூன்று பேரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தோம். பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சின்ன இசைத்தட்டு வந்தது. நடுவில் வெறும் வெள்ளைத்தாள், யார் பேரும் இல்லை. ஹட்டன் ரேடியோக் கடையில் அதை ஓடவிட்டபோது உள்ளே நின்ற இரண்டு பேர் வெளியே போனார்கள், வெளியே படுத்திருந்த நாய் எழுந்து உள்ளே வந்தது. நம்ம பாட்டுக்கு முதல் ரசிகன் அதுதான் என்று நான் சொல்ல, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

பிறகு ஒருநாள் என்னிடம் சொல்லாமல் கொழும்புக்குப் போனாய். கொஞ்ச நாளில் இரண்டாவது தடவையாகத் தட்டு வந்தது. நீலத்தாளில் உன் பேரும் அந்தோணி பேரும் அச்சில். என் பேர் இல்லை. சரி, போகட்டும் என்று போட்டுக் கேட்டால் தப்பும் இல்லை. யாரோ கொழும்புக்காரன் டிரம் அடிக்கிறான். கேட்டதற்கு, "உன் அடிக்கு ஊசி குதிக்குதுடா, தட்டு ஓடவே மாட்டேங்குது" என்றாய்.

அந்தோணி வீட்டுப் பாட்டுப் பெட்டியில் பழைய தட்டைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். ஊசி குதிக்கவில்லை. அந்த மாதம்தான் கினிகத்தேனையில் ஒரு கடைக்காரர் வீட்டில் உனக்குப் பெண் பேசினார்கள். கூட அடிக்கிறவன் யார், எந்த லயம் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? கல்யாணத்தன்று, "மாப்பிள்ள, தாலி கட்டுறப்ப கை குதிக்காமப் பாத்துக்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை.

வருஷங்கள் போய் நம்ம பாட்டு கேசட்டில் வந்தது. மூன்றாவது தடவையும் அதே பாட்டு, ஆனால் தப்போடு. வெள்ளைத்தாள் தட்டிலிருந்து எடுத்தது, கீறல் சத்தம்கூட அப்படியே இருந்தது. கொண்டுவந்தது யார் என்று கடைக்காரனிடம் கேட்டேன். "மப்ளர் கட்டின ஒருத்தருங்க. இந்தத் தட்டுலருந்துதான் பதியணும்னு நின்னாரு" என்றான். நம்ம மலையில் மப்ளர் கட்டாதவன் யார்? உன்னைக் கேட்டால், "எனக்கென்னடா தெரியும்" என்று தேயிலையைப் பார்த்தாய். மனசு உறுத்தியதா, இல்லை தப்புக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டதா? உன் முகம் இரண்டுக்கும் பொருந்துகிற முகம்.

நெஞ்சு நோயில் நீ படுத்தாய், மழையில் போய்விட்டாய். சேதி வந்ததும் நான் தப்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டினேன். அந்தோணி நனைந்துகொண்டு ஓடிவந்தான்.

"நீ அடிக்க வேணாமாம். சொல்லிட்டுத்தான் போயிருக்கான்."

இவன் செத்தும் என் சத்தத்தை வெட்டுகிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்ப நான் எதுக்கு வரணும்?"

"தூக்கணுமாம்டா. நீ முன்னால தூக்கணும்னு வீட்ல எல்லாருக்கும் முன்னாடி சொல்லிருக்கான்."

எங்கள் லயத்து ஆள் யாரும் அதுவரை அந்த வீட்டுப் பாடையைத் தொட்டதில்லை. நான் தோள் கொடுத்தபோது உன் மாமா திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். முன்னால் என் தம்பிகள் தப்படித்துக்கொண்டு போனார்கள். என்னை உன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னாயா, தப்பைக் கீழே வைக்கச் சொன்னாயா? மயானம் வரைக்கும் இதே யோசனைதான். தோள் மாற்ற அந்தோணி மூன்று தரம் வந்தான். கொடுக்கவில்லை. ஒரு தடவை விட்டால், போதும் போ என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற சந்தேகம். அந்த வலி இன்னும் வலது தோளில் இருக்கிறது மச்சான். எண்ணெய் தேய்க்கட்டுமா என்று வீட்டில் கேட்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன்.