அஞ்சலை ரத்தத்தில் இரட்டை மருந்து

செவ்வாய், இரவு

எரிச்சலாக இருக்கிறது. எங்கள் ஆய்வில் புது எச்ஐவி மாத்திரை சாப்பிடும் அஞ்சலையின் ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்கு. ஆய்வகத் தவறென்று நினைத்தேன். கேட்டுவிடலாமென்று சாயங்காலம் அவள் வேலை செய்யும் மரக்காணம் உப்பளத்துக்கே போனேன்.

“அவரு மாத்திரையும் நான்தாங்க போட்டுக்கறேன். நான் முழுங்குனாதான் அவருக்குப் போய்ச் சேருது.”

அவள் புருஷனும் எங்கள் ஆய்வில் இருந்தவன். போன மாதம் செத்துப்போனான். மிச்ச மாத்திரைகளை நாங்கள் திரும்ப வாங்கவில்லை.

“உடம்பு தாங்காது. நிறுத்தும்மா.”

“அவருகிட்ட நீங்களே சொல்லுங்க மேடம்.”

ஆளில்லாத உப்புப் பாத்தியைக் காட்டினாள். அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லித் தொலைத்தேன். காற்றே இல்லை. பாத்தித் தண்ணீர் அசைந்தது.

அஞ்சலை பாத்திப் பக்கம் காதுகொடுத்துக் கேட்டாள்.

“மாத்திரைய ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதான் அவருகிட்ட சொன்னீங்களாமே?”