உன் மூக்கும் மூன்று டம்ளர் காப்பியும்

நேற்று என் மானம் போயிற்று. மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பந்தியம்மாள் கொண்டுவந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, கூடம் நிறைய ஆட்கள் இருக்க, "சிக்கரி கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லித் தொலைத்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் மிச்சக் காப்பி ஆறிவிட்டது. பழக்கதோஷம், மச்சான். நீ போய்ச் சேர்ந்த பிறகும் விடமாட்டேன் என்கிறது.

ஐம்பதுகளில் மணிக்கூண்டுப் பக்கத்துக் காப்பிக் கிளப்பில் காப்பிக்கு நீ சொன்னதுதான் தீர்ப்பு. தோல் மண்டியைப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் நீ உள்ளே நுழைந்தால், முதலாளி கல்லாவை விட்டு எழுந்து தானே அடுப்படிக்குப் போவார். வந்த காப்பியில் பாதியை டபராவில் ஊற்றி என் பக்கம் தள்ளுவாய்.

"நீ மொதல்ல குடி மாப்ளே. நமக்கென்ன அவசரம்?"

நான் குடிக்கும்வரை நீ தொடமாட்டாய். அப்படி ஒரு மரியாதை. ஒருநாள் ஊசிப்போன சட்னியை நான் துப்பிக்கொண்டிருக்க, நீ இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாய். பரிமாறியவர் மனம் நோகக்கூடாதென்று இப்படியும் ஒரு மனிதனா என வீட்டில் போய் அளந்தேன்.

அந்த ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரிதான் உன்னைச் சீண்டினார்.

"ஏனுங்க, நாள்பூரா பச்சைத் தோலுக்குள்ள கெடக்கிற மூக்குங்க. அதுக்குக் காப்பி வாசம் தெரியுமுங்களா?"

கிளப்பே சிரித்தது. உன் காதுமடல் சிவந்துவிட்டது.

"மூணு டம்ளர் வையிங்க முதலாளி. ஒண்ணுல மட்டும் சிக்கரி வேணாம். எதுன்னு தப்பாச் சொன்னா இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்!"

நீ வராவிட்டால் எனக்கு ஓசிக் காப்பி ஏது?

மூன்றும் வந்தன. அப்போதும் மரியாதை தவறாமல் ஒவ்வொன்றிலும் பாதியை முதலில் எனக்குத்தான் ஊற்றினாய்.

"அவருக்கு எதுக்குங்க?" என்றார் வியாபாரி.

"எம் மாப்ளைக்குக் குடுக்காம எனக்கு எறங்காது."

நான் குடித்து முடித்ததும், ஒவ்வொரு டம்ளராக மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாய்.

"நடு டம்ளர். தாண்டிக்குடிக் கொட்டை. கலப்பே இல்ல."

முதலாளி தலையாட்டினார். வியாபாரி எழுந்து வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இது மூக்குங்க!" என்றார். எனக்குத்தான் மாலை போட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. அகரத்திலிருந்து தொப்பம்பட்டி வரைக்கும் உன் மூக்கின் புகழைப் பரப்பியவன் நான். இப்படியொரு மூக்கு மதுரையிலேயே கிடையாது என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தபோது உன் மனைவி சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

"அவருக்கு அந்தக் காலத்துலயே மூக்கு செத்துப்போச்சேண்ணே. வெஞ்சனம் கெட்டுப்போனாக்கூட நாந்தான் சொல்லணும். சிக்கரி நாக்குல பட்டா உங்க எடது புருவம் ஏறுமாம்ல? அதைப் பாத்துத்தான் சொல்லுவேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."