யாரும் கொடி காட்டவில்லை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அண்ணனின் கட்டுரை வந்துவிட்டது. பேப்பரில் அரைப் பக்கம், போட்டோவோடு. டிவியில் கார் பந்தய வர்ணனை பண்ணுவது போதாதென்று இப்போது எழுதவும் ஆரம்பித்திருக்கிறான். உச்சப் பந்தயத்தில் நோஞ்சான் அணிகளுக்கு என்ன வேலை என்று கேட்கிறான். வேகமும் இல்லை, வசதியும் இல்லை, முன்னால் ஓடுகிறவர்களுக்கு வெறும் இடைஞ்சல். எந்த அணியின் பெயரையும் அவன் சொல்லவில்லையாம். எப்போதும் கடைசியில் ஓடுவது ஒரே அணி. அந்த அணியின் ஓட்டுநரிடம் ரேடியோவில் பேசுகிற எஞ்சினியர் அவன் கூடப்பிறந்த தங்கை. பெயர் வேறு சொல்ல வேண்டுமாக்கும்!

நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். கோபம் அவன் எழுதியதற்கா, அதில் பாதி எனக்கே சரியென்று பட்டதற்கா?

ஆகஸ்ட் 14, வியாழன்

பட்டறையில் யாரும் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியென்றால் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பந்தயத்தை நடத்துகிற குழு புது விதி போட்டிருக்கிறது. இரண்டு வருஷமாக ஒரு புள்ளிகூட எடுக்காத அணிக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் பத்து வண்டிக்குத்தான் புள்ளி. நாங்கள் இதுவரை தொட்ட உயரம் பதின்மூன்று.

முதலாளியம்மாவின் உண்மையான தொழில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவது. பாதி கட்டிய பஸ் ஒன்றின் படியில் ஏறி நின்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரே ஒரு புள்ளி. எங்கேயாவது திருடியாவது கொண்டு வாங்க."

வண்டியின் முன்மூக்கு உடைந்தால் ஒட்டித் தருகிறவர் எங்கள் பசை. அவர் மட்டும் கையைத் தூக்கினார். "கொண்டு வரலாம்மா. ஆனா பார்த்து இடிக்கச் சொல்லுங்க. நம்மகிட்ட இருக்கறது ரெண்டே மூக்கு. ஒண்ணு வண்டில, இன்னொண்ணு என் மூஞ்சில." வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கடைசி.

நம்மை ஒரு முழுச் சுற்று முந்தப் போகிற வண்டி பின்னால் வந்தால் ஓரத்தில் நீலக்கொடி ஆட்டுவார்கள். ஒதுங்கி வழி விட வேண்டும். விடாவிட்டால் தண்டனை. பந்தயத்தில் பாதி நேரம் ரேடியோவில் என் வேலை இதுதான்: வராங்க, ஒதுங்கு. வராங்க, ஒதுங்கு. எங்கள் ஓட்டுநர் பூனை (சத்தமே இல்லாமல் வந்து நிற்பான், அதனால் பூனை) ஒதுங்கும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டுவான். பின்னால் வருகிறவனுக்குக் குழப்பம் இருக்கக்கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்தது.

பந்தயம் முடிந்ததும் சாம்பியன் அணியின் மேனேஜர் வந்து கை கொடுத்தார். "உங்க பையன் ரொம்ப நல்ல பிள்ளைங்க. சொன்ன உடனே ஒதுங்கறான்." நான் பல்லைக் காட்டிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னேன்.

வேனில் ஏறிய பிறகுதான் எரிச்சல் வந்தது. எதுக்குடி தேங்க்ஸ் சொன்னே?

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. போகக்கூடாது என்றுதான் இருந்தேன், அண்ணி விடவில்லை. அண்ணிக்கு ஒளிவு மறைவு தெரியாது. "உங்க வண்டி டிவில தெரிஞ்சா ஒண்ணு எங்கேயாவது முட்டியிருக்கும், இல்ல யாருக்காவது வழி விட்டிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"நீ கெட்டிக்காரி. அதான் எனக்கு ஆத்திரமா வருது. அங்க உக்காந்து என்ன பண்றே? வர்றவன் போறவனுக்கெல்லாம் வழி விடறே."

"பந்தயம்னா யாராவது ஒருத்தர் கடைசில இருக்கணும்ல?"

"அது நீயாதான் இருக்கணுமா?"

ரசம் ஊற்றச் சொல்லி அண்ணியிடம் தட்டை நீட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். கடைசி ஆள் இல்லாவிட்டால் அதற்கு முன்னால் இருக்கிறவன் கடைசியாகிவிடுவான். அப்புறம் அவனையும் வெளியே அனுப்புவார்களா? ஆனால் அண்ணன் சொல்வதும்தான் — மூன்று வருஷமாக வேகம் கூடாத வண்டியை வைத்துக்கொண்டு நானும் உச்சத்தில் இருக்கிறேன் என்றால் யார் நம்புவது? நானே நம்புகிறேனா?

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று பதினாலு. புள்ளி இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கடையில் தள்ளுவண்டியோடு ஒரு அம்மா வேகமாகப் பின்னால் வந்தார். ஒதுங்கினேன். ஒதுங்கினதோடு நிற்காமல் கையையும் தூக்கிவிட்டேன். பாவம், பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று எழுத முடியாது.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று மழை. தொடக்கத்திலேயே வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சில மணலில் போய் உட்கார்ந்துவிட்டன. மழை டயரா, சாதா டயரா என்று பெரிய அணிகள் மாற்றி மாற்றிக் குழம்பின. நாங்கள் மாற்றவே இல்லை. உண்மையைச் சொன்னால் மாற்றுவதற்கு நல்ல டயர் கைவசம் இல்லை. டிவியில் அதைத் துணிச்சல் என்றார்களாம். பூனை அந்த ஈரத்தில் அழகாக ஓட்டினான். அவ்வளவு அழகாக அவன் ஓட்டி நான் பார்த்ததில்லை. பத்தாவது இடம். பத்து! பசை என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளியம்மா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். இன்னும் கொஞ்சம் சுற்றுகள்தான் பாக்கி.

அப்போதுதான் அந்தத் தங்க நிற வண்டி வந்தது. சாம்பியன் அணியின் வண்டி. வருஷம் முழுக்க எங்களைச் சுற்று சுற்றாக முந்துகிற வண்டி. நேற்று அதற்கும் முன்மூக்கு உடைந்து, ஓரத்துக் கொட்டகைக்குள் போய்ப் புது மூக்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தது. எங்களுக்குப் பின்னால், அதே சுற்றில், பதினோராவது இடத்தில். என் திரையிலேயே எழுதியிருந்தது. நான் எழுத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தேன். வாய் முந்திக்கொண்டது.

"பின்னால வராங்க, ஒதுங்கு."

பூனை ஒதுங்கினான். கையையும் தூக்கினான்.

நீலக்கொடி எங்கேயும் இல்லை. யாரும் காட்டவில்லை.

பசைதான் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா... அது நம்ம ரவுண்டுதானே?"

ஐயோ. என்ன பண்ணிட்டேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை — நான் யோசிக்கவே இல்லையே, யோசிச்சிருந்தா சொல்லியிருப்பேனா? அந்த வாயைத் தைக்கணும். பிடி, பிடி, அது நம்ம இடம்னு கத்தினேன். தங்கநிறம் அதுக்குள்ள போயே போச்சு.

பதினொன்று. முதலாளியம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 15, புதன்

பூனை பட்டறைக்கு வந்தான். என் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் நானே சொன்னேன், திட்டணும்னா திட்டிடுப்பா.

"இல்லக்கா. கொடி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க சொல்லாட்டியும் நான் ஒதுங்கியிருப்பேன்னு நினைக்கிறேன். கண்ணாடில அந்தக் கலர் தெரிஞ்சதும் கை தானா திரும்பிடுச்சு."

என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானா? பொய்யாக இருந்தால் அவன் நல்லவன். நிஜமாக இருந்தால் நான் அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறேன்?

அக்டோபர் 19, ஞாயிறு

அண்ணன் வந்தான். தனியாக. அவன் வர்ணனையின் துண்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. நானும் பார்த்துவிட்டேன். பூனை ஒதுங்கும் இடத்தில் குரல் உடைந்து கத்துகிறான். "ஏய், விடாதே! அது உன் இடம்! ஏன் விடறே, ஏன் விடறே?" வர்ணனை பண்ணுகிறவன் ஒரு பக்கம் சாயக்கூடாது. சேனலில் கூப்பிட்டு எச்சரித்தார்களாம்.

"நாங்க இடைஞ்சல்னு எழுதினியே" என்றேன்.

"இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்."

"அப்புறம் ஏன் கத்தினே?"

"தெரியலடி."

கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான்: "கடைசிலயே கிடந்தா ஒதுங்கறதே பழகிப் போயிடும். அதை எழுதியிருக்கணும். வேற என்னமோ எழுதிட்டேன்."

அப்படியென்றால் எங்களை அனுப்புவதுதான் சரியா? இல்லை, பந்தயத்துக்குப் பந்தயம் எங்களை ஒதுங்க வைத்துவிட்டு, ஒதுங்கத்தான் தெரியும் என்று அனுப்புவது அநியாயமா? அந்த மழையில் முக்கால்வாசி நேரம் நாங்கள் பத்தாவது இடத்துக்குத் தகுதியானவர்கள்தானே? யாரிடம் கேட்பது? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படி.

நவம்பர் 9, ஞாயிறு

கடைசிப் பந்தயம். பதினாறு. முடிந்தது.

பசை இரண்டாவது மூக்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா தலையை ஆட்டினார்.

நவம்பர் 27, வியாழன்

சாம்பியன் அணியின் மேனேஜர் போன் பண்ணினார். வேலை இருக்கிறதாம். அண்ணன் சந்தோஷப்பட்டான். நானும் பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

புது வருஷம், முதல் பந்தயம், தங்க நிறச் சட்டை. இங்கே எதற்கும் மாற்று இருக்கிறது, மாற்றுக்கும் மாற்று இருக்கிறது. பழையபடி ரேடியோதான் எனக்கு, வேறு ஓட்டுநர்.

பூனைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. போன வருஷம் எங்களுக்கு ஒரு படி மேலே இருந்த அணியில். இந்த வருஷம் அதுதான் கடைசி.

நாங்கள் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தோம். முதல் வண்டி கைக்கெட்டும் தூரத்தில். நடுவில் ஒரு வண்டி வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது. என் ஓட்டுநர் கத்தினான். நீலக்கொடி ஆடுகிறது, அது நகரவில்லை. நான் பட்டனை அமுக்கினேன். "கொஞ்சம் பொறு. இதுங்களையெல்லாம் எதுக்குத்தான் உள்ள விடறாங்களோ."

சொன்ன பிறகுதான் அது யார் வண்டி என்று பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து மெசேஜ். "நீ பேசினதை டிவில போட்டாங்க. எனக்கு வர்ணனையே வரல." அவ்வளவுதான். அவமானமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அது பொய்யில்லை, எனக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பூனை தண்டனை வராத கடைசி வளைவு வரைக்கும் பிடித்துவைத்திருக்கிறான். அப்புறம்தான் விடுகிறான், முறைப்படி, ஓரமாக.

கையைத் தூக்கவே இல்லை.