விலாங்கு கடித்த கை

பாப்பாவின் அம்மாவுக்கு,

அங்கே எல்லாரும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி தேவலையா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

போன வாரம் கம்பெனியில் மீன் தரம்பிரிக்கும்போது, பெட்டிக்குள் உயிரோடு கிடந்த விலாங்கு இடது கையைக் கடித்துவிட்டது. சின்னக் கடிதான். வேலை கெடுமென்று சூப்பர்வைசர் காயத்தைக் கழுவக்கூட விடவில்லை. மீனில் ரத்தம் படாமலிருக்க அதன்மேலேயே ரப்பர் கையுறையை மாட்டி, டேப் சுற்றி வேலைக்குத் தள்ளினான். சாயங்காலம் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. கடி என்றால், கழுவாமல் மூடியதற்குக் கம்பெனியில் விசாரணை வரும் என்று, டாக்டரிடம் கூட்டிப்போன அந்தப் பாவியே முந்திக்கொண்டு, "கத்தி கீறிடுச்சு சார்" என்றான். மருந்தும் கத்திக்காயத்துக்கே கிடைத்தது.

மறுநாள் காய்ச்சலோடு நானே போய் உண்மையைச் சொன்னேன். "கடல் கிருமிய உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க. அதுக்கு மருந்தே வேறப்பா" என்று டாக்டர் கத்தி, ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார். நல்லவேளை, விரல்கள் தப்பின.

நேற்று சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த கிளவுஸ் எங்கடா? புதுசு அது" என்றான். வாயில் வந்ததையெல்லாம் கேட்டு அனுப்பினேன்.

நீ பயப்படாதே, வீக்கம் வடிகிறது. சட்டை அனுப்புவதாகச் சொன்னாயே, பட்டன் வைக்காததாகப் பார்த்து அனுப்பு. ஒற்றைக் கையால் போட வரவில்லை. போட்டுவிடச் சொல்லி இங்கே யாரைக் கேட்பது?

கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.