ஆறு பின்வாங்கிய நேரம்

அன்புள்ள உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க துஆச் செய்கிறேன். நான் சுகம், இங்கிலாந்துக் குளிரும் பழகிவிட்டது. போனில் சொன்னால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நேற்று லீவு. ஆற்றோரப் பூங்காவில் நெடுந்தூரம் நடந்து, பாலத்தைப் படமெடுக்க நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன். அப்போது கண்முன்னே ஆறு பின்வாங்கிச் சேறு தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளை சிப்பி பொறுக்க அதில் இறங்கினாள். கெமராவைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். சுனாமியன்று நீங்கள் கத்திய மாதிரியே, "கடல் வருகுது, ஓடுங்க!" என்று தமிழில் கத்தியிருக்கிறேன். பிள்ளையின் தாய் அலறிக்கொண்டு பின்னால் வந்தாள். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் பொலிசுக்குப் போன் எடுத்தான்.

பயப்பட ஒன்றுமில்லை. கடல் இறங்கும்போதெல்லாம் இந்த ஆறும் வற்றி, பிறகு நிரம்புமாம். சுனாமியன்று நம் கல்முனைக்குடியில் நடந்ததை அவர்களிடம் சொன்னேன். அந்தத் தாய் கெமராவை எடுத்து வந்து என் கையில் தந்தாள்.

அன்று என்னைத் தூக்கிக்கொண்டு நீங்களும் இப்படித்தான் திரும்பிப் பார்க்காமல் ஓடினீர்களா உம்மா?

தங்கச்சி பஸ்மினாவிடம் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் கடலை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில் இருந்தால் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
இன்பாஸ்