பூஜையில் உட்கார்ந்த பழைய டிஸ்க்

10.10.1999
எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பின்னால் இந்த டைரியைப் படிக்கப்போகும் பரமசிவன், அதாவது நானே, கோபப்படக் கூடாது. எழுதுகிற பரமசிவன் போன வருஷம்தான் அறிவொளி வகுப்பில் 'அ' போட்டான். 'ழ' இன்னும் பாரம் ஏற்றிய லாரி மாதிரி ஒருபக்கம் சாய்கிறது. பார்சல் ஆபீஸ் முதலாளி, ஆனால் அதுவரை கைநாட்டு. இப்போது பேனா!

ஆபீஸில் கண்ணாடி அறைக்குள் சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர். எல்லா ஊர்ச் சரக்கு விவரமும் அதற்குள்தான். பார்த்துக்கொள்வது என் மருமகள் தேன்மொழி.

13.10.1999
வீட்டில் சண்டை. 2000 பிறந்தால் பழைய புரோகிராம் தேதியைத் தப்பாகப் போடுமாம். ஆயுத பூஜை லீவில் புதுசு போடுகிறேன் என்கிறாள் தேன்மொழி. அவள் புருஷன், என் மகன் பெருமாள்ராஜுக்குப் பயம்.

"தீவாளிச் சரக்கு வருத நேரம். மதுரைக் கம்பெனிக்காரன்ட்ட விட்டுருவோம். நீ கெடுத்தேன்னா அப்புறம் அந்த ரூம் பக்கமே வரப்பிடாது."

"சரி" என்றாள். எனக்குத்தான் திக்கென்றது.

15.10.1999
கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவளிடமே கேட்டேன். "மாமா, புக்கிங், டெலிவரி, கணக்கு மூணுக்கும் சர்வருக்குள்ள தனித்தனி அறை மாதிரி. ஒண்ணு கெட்டாலும் மத்தது ஓடும்."

மண்ணெண்ணெய் டின்னையும் கருப்பட்டிச் சிப்பத்தையும் நாங்கள் ஒன்றாகக் கட்டுவோமா? அதேதானே! சொன்னேன். சிரித்துவிட்டாள்.

17.10.1999
தேன்மொழி சர்வரில் இருந்த எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் நகலெடுத்து, அதில்தான் புதுப் புரோகிராம் போட்டாள். வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டியும் பார்த்தாள். பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்தாள். "திரும்பி வர வழி வேணும்லா மாமா."

பெருமாள்ராஜ் அதை எடுத்துவிட்டான். "சும்மாதான கெடக்கு? அழிச்சிட்டு தென்காசி ஆபீஸுக்கு அனுப்புதேன்."

அவள் முகம் வெளுத்தது. வாதாடினால் அவன் நிறுத்த மாட்டான். அவன் கையிலிருந்து வாங்கி, தராசு, கோணி ஊசி, லாரிச் சாவிகளோடு பூஜைப் பலகையில் வைத்தேன். உறைமேல் சந்தனப் பொட்டு.

"இனி விஜயதசமிக்குத்தாம்லே தொடணும்."

முறைத்தான். தொடவில்லை.

19.10.1999
நேற்று பேனாவும் பூஜையில். எழுதவில்லை.

இன்று காலை சூடம் காட்டி, புது டிஸ்க்கோடு சர்வரை ஓடவிட்டாள் தேன்மொழி. புக்கிங் வந்தது. கணக்கு வந்தது. டெலிவரி ரசீது மட்டும் அச்சாகவில்லை. சோதித்த கம்ப்யூட்டரில் பிரிண்டர் கிடையாதாம். "அத விட்டுட்டேன் மாமா" என்று அவளே சொன்னாள்.

வெளியே சரக்கு எடுக்க வந்தவர்கள் ஒரே சத்தம். "என்னவே, ஒம்ம மிசினு இன்னும் பூஜைலயா இருக்கு?" எங்கள் குமாஸ்தா அசன் முகம்மது, "பைய வரும் அண்ணாச்சி, அதுவரைக்கும் சுண்டலத் தின்னும்" என்று சமாளித்தார்.

"நான் அப்பமே சொன்னேம்லா!" இது பெருமாள்ராஜ்.

அவள் பதறவேயில்லை. "அந்தப் பழைய டிஸ்க்கத் தாங்க மாமா." சர்வருக்குள் டெலிவரி அறையை மட்டும் மூடினாள். பழையதிலிருந்து டெலிவரிப் புரோகிராமை எடுத்து அங்கே வைத்தாள். மற்ற இரண்டும் ஒரு நொடி நிற்கவில்லை. கரகரவென்று ரசீது வந்ததே — யம்மா! எம் மருமவல்லா! எல்லார் முன்னாலும் கை தட்டிவிட்டேன்.

"டிசம்பருக்குள்ள இதுக்கும் புதுசு போட்டுருவேன்" என்றாள். பெருமாள்ராஜ் அந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அழிந்து தென்காசிக்குப் போயிருந்தால்?

24.10.1999
மதுரைக் கம்பெனிக்காரர் போன் பண்ணினார். பெருமாள்ராஜ்தான் எடுத்தான். "வேண்டாம் சார். எங்க சர்வர எம் வீட்டுக்காரி பாக்கா. நீங்க வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க."

தேன்மொழி திரும்பவில்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் நின்றன.

சனிக்கிழமை டெலிவரிக்கும் புதுசு போடுகிறாள். இந்தத் தடவை சோதிக்கிற கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவது அவன்தானாம். என்ன ஆயிற்றென்று அடுத்த வாரம் எழுதிவிடுவேன், விரல் வீங்கினாலும் சரி.