பத்தாவது பெயர்

நேற்றுக் காலை உன் அம்மா கருவடிக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து முதலியார்பேட்டைக்கு, என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பிரான்சிலிருந்து வந்த கடிதம். "நீதான் தம்பி படிச்சு சொல்லணும்" என்றார்கள். நீ இறந்த செய்தி போன மாதமே போனில் வந்துவிட்டது. கடிதத்தில் இருந்தது தேதியும் ஆஸ்பத்திரியின் பெயரும்தான். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "உன்ன மாதிரி பிரெஞ்சு யாருக்கு வரும்னு அவனே சொல்லுவான்" என்று அழுதார்கள். அந்தப் பிரெஞ்சு எனக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

பிளஸ் டூ புதிதாக வந்திருந்த சமயம். நான் உயிரியல் பிரிவு எடுப்பது எப்போதோ முடிவான விஷயம். அது இல்லாமல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. என் அப்பா மில்லில் எல்லோரிடமும், "பையன் டாக்டருக்குப் படிக்கப் போறான்" என்று சொல்லிவைத்திருந்தார்.

உனக்கு அந்தக் கவலை இல்லை. உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை; படிப்பு முடிந்ததும் நீ விமானம் ஏற வேண்டியதுதான். அதற்குப் பிரெஞ்சு வேண்டும். நம் பள்ளியில் வணிகவியல் பிரிவுக்கு மட்டும்தான் பிரெஞ்சு. அதுவும் பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு. உன்னோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தீர்கள்.

"டேய், உன் பேரக் குடுடா. ரெண்டு வாரம் ஒக்காரு, கிளாஸ் ஆரம்பிச்சதும் பயாலஜிக்கு மாறிக்கலாம். இன்னா கொறஞ்சுடப் போற?"

"மாத்த வுடுவாங்களாடா?"

"ஆபீஸ்ல கேட்டுட்டேன். என்ன நம்ப மாட்டியா?"

நம்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது தலைமையாசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபாரம் குடுத்தா குடுத்ததுதான். குரூப்பு மாத்தற வழக்கமே இல்ல." அதற்குள் மற்ற பள்ளிகளிலும் சேர்க்கை முடிந்திருந்தது. வெளியே நின்ற நீ என்னைவிட அதிகமாகக் கொதித்தாய். ஆபீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாய். என் அப்பா, மில்லில் கூட வேலை செய்தவர்களின் முகத்தில் விழிக்காமல் இருக்க, ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

எட்டு வருஷம் கழித்து உன் கல்யாண விருந்துக்கு வந்தேன். அப்போது நான் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. நீ என் தோளில் கைபோட்டு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னாய்: "இவன் இல்லன்னா எனக்குப் பிரெஞ்சு கிளாஸே இல்ல. குரூப்பு மாத்த முடியாதுன்னு ஆபீஸ்ல மொதல்லயே சொல்லிட்டாங்க. இவங்கிட்ட சொல்லுவனா? சொன்னா வந்திருப்பானா, மாங்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் மனைவி பிரெஞ்சில் ஏதோ கேட்க, பிழையில்லாமல் பதில் சொன்னேன்.

அதன் பிறகு உன் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. "இன்னாடா கோவம்?" என்று எழுதியிருந்தாய். ஒருநாள் நேரில் வந்து நிற்பாய், அப்போது கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போனால், என் வயதுடைய டாக்டர் எந்த வருஷம் பள்ளி முடித்திருப்பார் என்று மனம் கணக்குப் போடுகிறது. நம் வருஷமாகத் தோன்றினால் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு முகம் பார்க்காமல் வந்துவிடுகிறேன். உயிரியல் படித்திருந்தாலும் எனக்கு இடம் கிடைக்காமலே போயிருக்கலாம். அது எனக்கும் தெரியும். போட்டியிட்டுத் தோற்கக்கூட நீ என்னை விடவில்லை.